எழுதாமல் விட்டது

சென்ற தவணையில் ஒரு நாள், இடைவேளைக்குச் சற்று முன்னர், உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு நாவலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். எங்கள் பாடசாலை வாசிகசாலை என் பொறுப்பில் இருக்கிறது. தமிழ் ஆசிரியன் என்றால் தமிழ்த்தினப் போட்டி, சுவர்ச் சஞ்சிகை, வாசிகசாலை மூன்றும் கேட்காமலே வந்து சேரும்.

“கடைசிப் பக்கம் கிழிஞ்சிருக்கு சேர்.”

எடுத்துப் பார்த்தேன். ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. பக்க எண்களைச் சரிபார்த்தேன். எதுவும் குறையவில்லை. புத்தகம் அவ்வளவுதான், முடிவு அதுதான் என்றேன். அவள் நம்பவில்லை.

“இதென்ன சேர் முடிவு? அதுக்குப் பொறகு கங்கைக்கு என்ன நடந்த?”

அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருப்பதால் அதை அவளுக்குச் சொன்னேன். 1966இல் ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதை ஆனந்த விகடனில் வந்தது. மழையில் நின்ற ஒரு கல்லூரிப் பெண் முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறிக் கெட்டுப்போய் வீட்டுக்கு வருகிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். மிகத் தெளிவான முடிவு. அந்தத் தெளிவைத்தான் பல வாசகர்களால் பொறுக்க முடியவில்லை. ஒரு தாய் இப்படிச் செய்வாளா என்று பெரும் சர்ச்சை எழுந்தது. அப்படியானால் தாய் அதைச் செய்யாமல் ஊர் கேட்கக் கத்தியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று கேட்டுக்கொண்டு ஜெயகாந்தன் எழுதியதே இந்த நாவல். 1972இல் இதற்குச் சாகித்திய அக்கடமிப் பரிசு கிடைத்தது. பின்னர் ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று இதன் தொடர்ச்சியாக இன்னொரு நாவலையும் அவர் எழுதினார். தலைப்பே வாசகனின் கேள்விதான். முடிவைச் சொன்னாலும் வாசகன் விடமாட்டான், சொல்லாவிட்டாலும் விடமாட்டான்.

“அந்தப் புத்தகம் இரிக்கா சேர்?”

எங்கள் வாசிகசாலையில் அது இல்லை. அவள் அரை மனதோடு போனாள். நான் அன்று முழுவதும் அந்தக் கிழியாத கடைசிப் பக்கத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிழிந்த பக்கங்களோடு வளர்ந்தவன் நான். எங்கள் ஊருக்குப் புத்தகங்கள் பத்துக் கைகள் மாறித்தான் வரும். அட்டை இருக்காது, ஆசிரியர் பெயர் இருக்காது. பத்திரிகைத் தொடர்கதைகளை வெட்டி, சாக்கு ஊசியால் தைத்து வைத்திருப்பார்கள். முதல் அத்தியாயமும் கடைசி அத்தியாயமும் வெளியே இருப்பதால் அவைதான் முதலில் போகும். நடுவை மட்டும் வாசித்து முடித்த நாவல்கள் எத்தனையோ.

உம்மா நல்ல வாசகி. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். ஆனால் வாரப் பத்திரிகைகளின் தொடர்கதை ஒன்றையும் தவறவிட்டதில்லை. இரவில் குப்பி விளக்கடியில் என்னையும் தங்கச்சியையும் படுக்க வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டுவார். கடைசிப் பக்கம் இல்லாவிட்டால் நாங்கள் விடமாட்டோம். உம்மாவே ஒரு முடிவைக் கட்டிச் சொல்வார். அந்த முடிவுகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. கப்பலில் போனவர் வந்து இறங்குவார், மறியலில் இருந்தவர் விடுபட்டு வருவார், கோபித்துக்கொண்டு போன தம்பி பெருநாளைக்கு முதல் நாள் வாசலில் நிற்பான். சோறு போட்டுக் கொடுப்பதோடு கதை முடியும்.

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் மூண்டது. வாப்பா புடவை வியாபாரம் செய்தவர். கடனுக்குக் கொடுத்திருந்த காசைப் பாதை பூட்டப்பட முன்னர் வாங்கி வந்துவிடுகிறேன் என்று ஒரு காலையில் மட்டக்களப்புப் பக்கம் புறப்பட்டார். அந்த நாட்களில் அந்தப் பாதையில் போன பலர் திரும்பி வரவில்லை. வாப்பாவும் வரவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. கண்டதாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். ஒருவர் சொன்னதும் மற்றவர் சொன்னதும் பொருந்தவில்லை. மையித்து கிடைக்கவில்லை.

ஒரு வருடத்துக்குப் பிறகு ஊர்ப் பெரியவர்கள் வந்து உம்மாவை இத்தா இருக்கச் சொன்னார்கள். நான்கு மாதமும் பத்து நாளும். உம்மா கதவுக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு வசனம்தான் பேசினார். “மையித்தக் காட்டுங்க, இருக்கிறன்.” காணாமற் போனவரின் மனைவி எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதில் மார்க்கச் சட்ட நூல்களே ஒரே முடிவில் இல்லை என்பதைப் பிற்காலத்தில் ஒரு மௌலவி எனக்கு விளக்கினார். இமாம் மாலிக் நான்கு வருடம் என்கிறார். நாங்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பிந்திய கருத்து, மௌத்து உறுதியாகும் வரை பொறுத்திருக்கட்டும் என்பது. உம்மாவுக்கு இந்த விபரம் ஒன்றும் தெரியாது. அவர் பொறுத்திருந்தார்.

புத்தகம் வாசிப்பதை உம்மா நிறுத்தவில்லை. முடிவு கட்டிச் சொல்வதை நிறுத்திவிட்டார். பக்கம் இல்லாத இடம் வந்ததும், “மிச்சம் கிழிஞ்சி போச்சி, படுங்க” என்பார். தங்கச்சி அழுவாள். நான் அழமாட்டேன். ஆனால் முடிவில்லாத கதைகள் மீது எனக்கு ஒரு பகை அப்போதே தொடங்கியிருக்க வேண்டும்.

அந்தப் பகை 2004ஆம் ஆண்டு அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் வெளியே வந்தது. நாவலிலக்கியம் பற்றிய கருத்தரங்கொன்றில் நான் எழுந்து, முடிவைச் சொல்லாத எழுத்தாளன் வாசகனை ஏமாற்றுகிறான், வாங்கிய கூலிக்கு வேலை செய்யாமல் போகிறான் என்று கடுமையாகப் பேசினேன். கைதட்டலும் கிடைத்தது. எனக்கு உதவியாக ‘பொன்னியின் செல்வ’னை இழுத்தேன். 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த அந்தத் தொடர் முடிந்ததும் கல்கிக்கு வாசகர்களின் மனக்குறை வந்து குவிந்தது. கதை திடீரென்று நின்றுவிட்டது, இன்னார் என்ன ஆனார், இன்னார் யாரை மணந்தார் என்று. கல்கி ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்களின் பிற்கால வாழ்வை எடுத்துச் சொன்னார். பார்த்தீர்களா, பெரிய எழுத்தாளரே வாசகனுக்குக் கணக்கு ஒப்புவித்தார் என்பது என் வாதம்.

அது அரைகுறை வாதம் என்பது இப்போது தெரிகிறது. அந்த நாவலின் பெரிய முடிச்சு ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பது. கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைந்துவிடுகிறது. பிறகு ஒருவர் மாறி ஒருவர் பழியைத் தம் மேல் இழுத்துக்கொள்கிறார்கள். நாவலுக்குள் கல்கி கையை நீட்டி இன்னார்தான் என்று காட்டவே இல்லை. உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசனும் அவன் உடன்பிறந்தோரும் துரோகிகளாகப் பெயர் சொல்லப்பட்டிருந்தும், இருட்டை அவர் இருட்டாகவே விட்டார். வாசகர்கள் அதற்காக அந்த நாவலைத் தூக்கி எறிந்தார்களா? எழுபது வருடமாகச் சண்டை பிடிக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் நந்தினி கட்சியும் பழுவேட்டரையர் கட்சியும் இருந்தன. 2023இல் திரைப்படத்தின் இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு வந்த பையன்கள், புத்தகத்தில் எப்படி என்று கேட்டு ஐந்து பாகத்தையும் இரவல் கொண்டுபோனார்கள். மூன்று பாகம்தான் திரும்பி வந்தது.

கருத்தரங்கு முடிந்த பின்னேரம், ஆங்கிலம் படிப்பித்த வயதான விரிவுரையாளர் என்னைக் கூப்பிட்டார். அவர் என்னோடு வாதாடவில்லை. தடித்த ஆங்கில நாவல் ஒன்றைத் தந்து, விடுமுறைக்குள் வாசித்துவிட்டு வாரும் என்றார். ஷார்லட் புரொண்டே 1853இல் வெளியிட்ட ‘வில்லெற்’.

அகராதியும் கையுமாக ஓகஸ்ட் விடுமுறை முழுவதும் அதை வாசித்தேன். பகலில் வாசித்ததை இரவில் உம்மாவுக்குச் சொல்வேன். உம்மாவுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. லூசி என்றொரு பெண். உறவு என்று சொல்ல யாருமில்லை. கடல் கடந்து ஓர் அந்நிய நகரத்துக்குப் போய், பெண்கள் பாடசாலையொன்றில் படிப்பிக்கிறாள். அங்கே போல் என்ற ஆசிரியர். கோபக்காரர், வாய்க்கு வந்தபடி ஏசுவார், சட்டைப் பையில் இனிப்பு வைத்திருப்பார்.

“வாப்பாவும் இப்படித்தான். முதல்ல ஏச்சு, பொறகு இனிப்பு” என்றார் உம்மா. பதினான்கு வருடத்தில் உம்மா வாப்பாவின் குணத்தைப் பற்றிச் சொன்னது அன்றுதான்.

போல் அவளுக்கு ஒரு சிறு பாடசாலையை அமைத்துக் கொடுத்துவிட்டு, மேற்கிந்தியத் தீவுக்கு மூன்று வருட அலுவலாகக் கப்பலேறுகிறார். லூசி பாடசாலையை நடத்துகிறாள். கடிதங்கள் தவறாமல் வருகின்றன. மூன்றாம் வருடம் முடிகிறது. அவர் திரும்பி வருகிறார். கப்பல் கடலில் இருக்கும்போது புயல். ஏழு நாள் ஓயாத புயல், கரையெங்கும் உடைந்த கப்பல்கள். அந்த இடத்தில் கதை சொல்லும் லூசி நின்றுவிடுகிறாள். நல்ல நம்பிக்கை உள்ளவர்கள் அவர் வந்து சேர்ந்ததாக நினைத்துக்கொள்ளட்டும் என்ற பாங்கில் இரண்டு வார்த்தை. பிறகு ஏனைய சிலர் நீண்ட காலம் வாழ்ந்தார்கள் என்று ஒரு தகவல். நாவல் முடிந்தது.

அந்தப் பக்கத்தை நான் நடுப்பகலில் வாசித்தேன். புத்தகத்தை மூடிவிட்டுக் கடற்கரைக்குப் போனேன். விரிவுரையாளர் மீது கோபமாக வந்தது. என் வீட்டு விபரம் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் புத்தகத்தைத் தந்திருக்கமாட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இரவு வந்தால் உம்மா கேட்பார்.

கேட்டார். நான் சொன்னேன். புயல் எட்டாம் நாள் ஓய்ந்தது, கப்பல் வந்தது, போல் இறங்கி வந்தார், இருவரும் கலியாணம் முடித்துப் பாடசாலையை நடத்தினார்கள்.

உம்மா பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

“வந்து இறங்கின மனிசன் முதல்ல என்ன சொன்னார்?”

எனக்கு வாய் வரவில்லை. உண்மையாக எழுதப்பட்ட முடிவாக இருந்தால் ஏதாவது ஒரு சொல் இருந்திருக்கும்.

“கப்பல் வந்ததெண்டு அந்தப் புள்ள எழுதியிருக்காவா?”

“இல்ல உம்மா.”

“தாண்டதெண்டு எழுதியிருக்காவா?”

“அதும் இல்ல.”

“அப்ப அவ எழுதாம உட்டத நீ எழுதாத மகன்.”

அவ்வளவுதான். பாக்குவெட்டியின் சத்தம் தொடர்ந்தது. உம்மாவுக்குக் கோபமில்லை. பிள்ளைகளாக இருந்த காலத்தில் அவர் எங்களுக்குச் செய்ததையே நான் அவருக்குச் செய்யப் பார்த்தேன். அவருக்கு அது தேவைப்படவில்லை.

விடுமுறை முடிந்து போனதும் விரிவுரையாளரிடம் இதைச் சொல்லவில்லை. முடிவு பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, உமக்கு முன்னரே ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றார். ஷார்லட்டின் தகப்பனார் பற்றிக் புரொண்டே என்ற பாதிரியார். மனைவியையும், ஷார்லட்டைத் தவிர மற்றப் பிள்ளைகள் ஐவரையும் அடக்கம் செய்துவிட்டு இருந்த மனிதர். துக்கமான முடிவு வேண்டாம், பழைய கதைகளில் வருவதுபோல இருவரையும் சேர்த்து வாழவிடு என்று மகளைக் கேட்டுக்கொண்டார். மகளால் முடியவில்லை. போல் கடலில் இறந்தார் என்பது அவள் மனதில் நடந்து முடிந்த ஒரு நிகழ்ச்சி. அதை மாற்றுவது அவளுக்குப் பொய் சொல்வதாகப் பட்டது. தகப்பனுக்காக அவள் செய்யக்கூடியதாக இருந்தது அந்த மரணத்தின் மேல் ஒரு திரையைப் போடுவது. இந்த விபரத்தை 1857இல் வெளியான ஷார்லட்டின் வாழ்க்கை வரலாற்றில் எலிசபெத் காஸ்கல் பதிந்திருக்கிறார். நாவல் வந்ததும் பெண் வாசகர்கள், போலுக்கு என்ன நடந்தது, சரியான தகவல் தாருங்கள் என்று எழுதிக் கேட்டார்கள். ஒவ்வொருவரும் தத்தம் மனப்போக்குக்கு ஏற்ப முடிவு செய்துகொள்ளட்டும் என்று ஷார்லட் தன் பதிப்பாளருக்கு எழுதினாள்.

ஆக அந்தத் தெளிவற்ற முடிவு ஒரு தந்திரம் அல்ல. மகளுக்கும் தகப்பனுக்கும் இடையில் நடந்த ஒரு பேரம். வாசகனின் ஆசையும் எழுத்தாளரின் நேர்மையும் இரண்டும் அந்தப் பக்கத்தில் கிடக்கின்றன. கருத்தரங்கில் நான் கூலி என்றும் ஏமாற்று என்றும் பேசியதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

டிக்கன்ஸின் ‘பெரும் எதிர்பார்ப்புகள்’ இதற்கு மறுதலையான கதை. 1861இல் அது முடியும் தறுவாயில், பிப்பும் எஸ்டெல்லாவும் பிரிந்தே போவதாகத்தான் அவர் எழுதியிருந்தார். அச்சுப்படியை வாசித்த நண்பர் புல்வர் லிட்டன் ஒத்துக்கொள்ளவில்லை. டிக்கன்ஸ் மாற்றி எழுதினார். இருவரும் கைகோத்து நடப்பதாக முடிகிறது. ஆனால் கடைசி வசனத்தை, சேர்ந்தார்கள் என்றும் கொள்ளலாம், சேரவில்லை என்றும் கொள்ளலாம் என்கிற விதமாக வைத்துவிட்டார். பின்னர் அந்த வசனத்திலும் கை வைத்தார். அவர் இறந்த பிறகு, 1874இல், நண்பர் ஃபோர்ஸ்டர் பழைய முடிவை வெளியிட்டார். எது உண்மையான முடிவு என்று ஆய்வாளர்கள் இன்றும் மல்லுக்கு நிற்கிறார்கள். எனக்குப் பழையதே பிடிக்கும். புதியதில் நண்பரின் குரல் கேட்கிறது.

இதையெல்லாம் சொல்வதால் முடிவைத் திறந்து விடுகிற எழுத்தெல்லாம் உயர்ந்தது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பிரதேசச் சஞ்சிகைகளுக்கு வரும் கதைகளைத் திருத்திக் கொடுக்கும் வேலையை நானும் சில காலம் செய்தவன். முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாதவர்கள் மூன்று புள்ளி வைக்கிறார்கள். சீதனப் பிரச்சினையை எடுத்து, கண்ணீரை எடுத்து, கடைசியில் “அவள் நடந்தாள்...” என்று போட்டுவிட்டு, வாசகர் சிந்தனைக்கு விட்டுவிட்டேன் என்பார்கள். தான் சிந்திக்காததை வாசகர் தலையில் கட்டுவது அது. ஷார்லட்டுக்குப் போலின் கதி தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. இவர்களுக்குத் தெரியாது. இந்த வித்தியாசம் வாசிக்கும்போது கைக்குத் தட்டுப்படும். எப்படி என்று கேட்டால் எனக்கு விளக்கத் தெரியவில்லை. உம்மா கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்டுப் பார்க்கிறேன்.

சூடானிய எழுத்தாளர் தையிப் ஸாலிஹின் நாவலொன்று, 1966இல் வந்தது. வடக்கே புலம்பெயர்வதைத் தலைப்பில் கொண்டது. அதைச் சொல்பவன் இறுதியில் நைல் நதியின் நடுவில், இரண்டு கரைக்கும் போக மாட்டாமல், உதவி கேட்டுக் கத்துகிறான். யாருக்காவது கேட்டதா, கரை சேர்ந்தானா, ஒன்றுமில்லை. எங்கள் வாசகர் வட்டத்தில் இதைப் பற்றிப் பேசினோம். ஒரு நண்பர், மாட்டிறைச்சிக் கடை வைத்திருப்பவர், நல்ல வாசகர், சொன்னார்: “அவன் தாழப் போறதுக்குத்தான் ஆத்தில இறங்கினான். இப்ப கத்திறான். அதுதானே முடிவு. இன்னும் என்ன வேணும்?” அவனைக் கரையில் ஏற்றிவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று நின்றவர்களும் இருந்தார்கள். அன்று இஷா தொழுகைக்குப் பிந்திவிட்டது.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கரையில் உம்மாவைப் போலக் காத்திருப்பவர்களின் தொகை கூடிவிட்டது. அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

உம்மாவின் விடயத்தை மட்டும் சொல்லி விடுகிறேன். காணாமற் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்ற சட்டம் முன்பே இருந்தது. காணி எழுதுவதற்கும் நட்டஈட்டுக்கும் அது வேண்டும். பலர் எடுத்தார்கள். உம்மா மறுத்துவிட்டார். 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி வேறொரு சான்றிதழையும் கொண்டுவந்தார்கள். ஆள் இறந்தார் என்று அது சொல்லாது. காணாமற் போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும். சில வருடங்களின் பின் ஓர் உத்தியோகத்தர் இரண்டு விண்ணப்பங்களையும் கொண்டுவந்து உம்மாவுக்கு ஆறுதலாக விளக்கினார். உம்மா இரண்டு தாளையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“அவர் வந்தா இதுல எதைக் கிழிச்சுப் போடுறது லேசு தம்பி?”

உத்தியோகத்தர் பதில் சொல்லச் சற்று நேரம் எடுத்தார். பிறகு இரண்டாவதைக் காட்டினார். உம்மா அதில் கையொப்பம் வைத்தார். உம்மாவுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. சான்றிதழ் அலுமாரியில், வாப்பாவின் சாரத்துக்கு அடியில் இருக்கிறது.

அவர் நம்பிக்கொண்டிருக்கிறாரா, நம்பாமல் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

அந்த மாணவி போன கிழமை மறுபடி வந்தாள். “இந்த முறை முடிவு இருக்கிற புத்தகமாத் தாங்க சேர்” என்றாள். யோசித்துவிட்டு, சித்திலெப்பையின் ‘அசன்பேயுடைய கதை’யை எடுத்துக் கொடுத்தேன். 1885இல் வந்தது, ஈழத்தின் முதல் தமிழ் நாவல், நம்மவர் எழுதியது என்று வழக்கமான பிரசங்கத்தையும் செய்தேன். எகிப்தில் பிறந்த குழந்தை களவாடப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, கல்கத்தாவில் படித்து, எத்தனையோ ஆபத்துகளைத் தாண்டி, கடைசியில் எல்லாம் நல்லபடி கூடிவரும். மூன்று புள்ளிக்கு இடமே இல்லை.

நேற்றுத் திருப்பிக் கொண்டுவந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“நல்லா முடிஞ்சிருக்கு சேர். ஆனா அவனத் தூக்கிட்டுப் போன நாளையில இருந்து, அவன்ட உம்மா என்ன நினைச்சிக்கிட்டு இருந்திருப்பா?”

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.